இபிசாவில் எங்கே தங்குவது? தூங்கும் நேரத்தை வைத்து இடம் பிடிக்கும் முழு வழிகாட்டி

இரவு நடனக் கிளப்புகளுக்குப் பேர்போன ஸ்பெயினின் இபிசா தீவில் தப்பான இடத்தில் ரூம் போட்டவர்களின் புகார் இரண்டே வகைதான். "விடிகாலை நாலு மணி வரை கண்ணை மூட முடியவில்லை" என்பது ஒன்று. "சாப்பிட்டு முடிப்பதற்குள் ஊரே அடங்கிவிட்டது, எங்கே போவதென்றாலும் டாக்ஸிக்குத்தான் காசு போனது" என்பது மற்றொன்று. இரண்டு பேருமே நல்ல மதிப்பெண் பெற்ற நான்கு நட்சத்திர ஹோட்டலில் தங்கியிருப்பார்கள். ஹோட்டலில் ஒரு குறையும் இருக்காது. இவருக்குப் பொருந்தும் கடற்கரையில் அவர் இருந்திருப்பார், அவருக்குப் பொருந்துவதில் இவர்.

தீவு சின்னதுதான். பரப்பு ஏறத்தாழ 570 சதுர கிலோமீட்டர், ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 40 கிலோமீட்டர் சொச்சம். அதனால் எங்கே தங்கினால் என்ன என்று தோன்றும். பகலில் அது சரி. ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் இந்தத் தீவு இரண்டு மூன்று தனித்தனித் தீவுகளாகப் பிரிந்துவிடுகிறது. ஆகவே ஹோட்டலைப் பற்றி யோசிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: யார் எத்தனை மணிக்குத் தூங்குவார்கள்?

கூட வருபவர்கள் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "நான் எல்லாத்துக்கும் ரெடி" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். மணியைச் சொல்லச் சொல்லுங்கள்.

இபிசாவின் பெரிய கிளப்புகள் நள்ளிரவை ஒட்டித்தான் கதவு திறக்கும். ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான் கூட்டம் சேரும், காலை ஆறு மணி வரை ஓடும். இதற்கு விதிவிலக்கு திறந்தவெளி இடங்கள். பிளாயா தென் போஸாவில் உள்ள உஷுவாயா மாலையில் தொடங்கி நள்ளிரவுக்குள் முடித்துவிடும். பெயர் பெற்ற டிஜேயையும் பார்க்க வேண்டும், ஒரு மணிக்குப் படுக்கையிலும் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு அந்த வகைதான் சரி. கிளப்புகளில் 18 வயதுக்குக் கீழே அனுமதி கிடையாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

குழுவில் ஒருவர் பத்து மணிக்குத் தூங்குபவர், மூவர் விடியவிடிய ஆடுபவர்கள் என்றால், சீக்கிரம் தூங்குபவருக்கு ஏற்ற ஊரில் தங்கி, மற்றவர்கள் டாக்ஸியில் போய்வருவதே சரி. ஆடப் போகிறவர்களுக்கு வேண்டியது ஒரு வண்டி. அதைக் காசு கொடுத்து வாங்கலாம். கிளப் தெருவில் படுத்திருப்பவருக்கு அமைதியை எந்த விலைக்கும் வாங்கித்தர முடியாது.

இரண்டாம் படி: எந்த வாரம்?

பெரும்பாலான ரிசார்ட்டுகள் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ திறந்து, அக்டோபர் நடுவிலிருந்து மூடத் தொடங்கும். குளிர்காலத்தில் உயிரோடு இருப்பது இபிசா நகரமும் சாந்தா எவுலாலியாவும்தான். கடற்கரை ஊர்கள் பலவற்றில் கடைக் கதவு கூட மூடியிருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் பகல் வெயில் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், கடல் நீர் 25, 26 டிகிரி. கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். மே மாதத்தில் வெயில் இதமாக இருந்தாலும் கடல் 18, 19 டிகிரிதான். பிள்ளைகள் காலை நனைத்துவிட்டு ஓடி வந்துவிடுவார்கள், சூடேற்றாத ஹோட்டல் நீச்சல் குளத்திலும் இதே கதைதான். எங்கள் ஓட்டு ஜூன் இரண்டாம் பாதிக்கும் செப்டம்பர் முதல் மூன்று வாரங்களுக்கும். செப்டம்பரில் கோடை முழுக்கக் காய்ந்த கடல் இன்னும் சூடாக இருக்கும், ஐரோப்பியப் பள்ளிகள் திறந்துவிட்டதால் குடும்பக் கூட்டம் குறைந்திருக்கும். ஒரே எச்சரிக்கை: செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் பாதி வரை கிளப்புகளின் சீசன் நிறைவுக் கொண்டாட்டங்கள் நடக்கும். அந்த நாட்களில் பிளாயா தென் போஸாவில் ஆகஸ்ட் விலையே இருக்கும். அக்டோபரில் திடீரென்று இடியும் பெருமழையும் வருவதுண்டு.

தேதி குறிக்கும்போது ஆகஸ்ட் 8ஐப் பாருங்கள். இபிசா நகரத் திருவிழாவின் முக்கிய நாள், ராத்திரி வாணவேடிக்கை. ஆகஸ்ட் 24 சான் அந்தோனியோவின் திருவிழா. வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம், கைக்குழந்தையோடு தங்கியிருப்பவர்களுக்குத் தொல்லை.

மூன்றாம் படி: ஊரைத் தேர்ந்தெடுப்பது

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். இங்கே ஒவ்வொரு ஊருக்கும் கத்தலான் பெயர் ஒன்று, ஸ்பானியப் பெயர் ஒன்று. சாலைப் பலகையில் எய்விசா என்று இருந்தால் அது இபிசா நகரம். சான் அந்தோனியோவும் சாந்த் அந்தோனியும் ஒன்றே. தேடும் தளத்தில் ஊர்ப் பெயரை மட்டும் அடித்தால் பார்சிலோனாவின் சாந்த் அந்தோனி பேட்டையும், அமெரிக்காவின் சான் அந்தோனியோ நகரமும் சேர்ந்து வரும்.

பிளாயா தென் போஸா. கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் மணல், தீவிலேயே நீளமான கடற்கரை. விமான நிலையத்திலிருந்து பத்து நிமிடம். உஷுவாயாவும் ஹை இபிசா கிளப்பும் ஒரே சாலையில் எதிரெதிரே இருக்கின்றன. ஆடுவதற்காகவே வருபவர்களுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை, நடந்தே திரும்பிவிடலாம். ஆனால் இந்தப் பெயரை மூன்று விதமான இடங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. வடக்கு முனை, இபிசா நகரத்தின் ஃபிகெரெட்டாஸ் பகுதியை ஒட்டியது. சாதாரணக் குடும்ப ஹோட்டல்கள், ராத்திரியில் ஓரளவு அமைதி. கிளப்புகளைச் சுற்றிய பகுதியில் பாஸ் ஒலி சுவர் வழியாக நெஞ்சில் இடிக்கும், அது முடிந்ததும் தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டே போகும் சத்தம் தொடங்கும். தெற்கு முனை, பழைய காவல் கோபுரம் பக்கம், மறுபடியும் அடங்கியது. கடல் ஆழமில்லாமல் நீண்ட தூரம் போவதால் சிறுவர்களுக்கு நல்லது. ஆனால் விமானங்கள் தாழப் பறந்து இறங்கும் பாதை இது. கோடையில் காலையிலிருந்தே தலைக்கு மேல் வரிசையாக வரும்.

சான் அந்தோனியோ. தீவின் மேற்குக் கரை. சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கத் தினமும் ஒரு கூட்டம் கூடும் ஊர். 1980ல் திறந்த கஃபே தெல் மார் என்ற பார் இருப்பது இங்கேதான். இந்த ஊரை நான்காகப் பிரித்துப் பாருங்கள். வெஸ்ட் எண்ட் என்பது சாந்தா ஆக்னெஸ் தெருவைச் சுற்றிய சில தெருக்கள், முழுக்க மலிவு பார்கள். இருபது வயதுக்காரர்களுக்கு மட்டும். வடக்கே காலோ தெஸ் மோரோ வரை போகும் நடைபாதைதான் அஸ்தமனப் பகுதி. இசை உண்டு, ஆனால் வெஸ்ட் எண்டின் அடாவடி கிடையாது. அதற்கும் வடக்கே காலா கிராசியோ, சின்ன மணல் குடா, குடும்பங்களுக்கு ஏற்றது, ஊருக்குள் நடந்து வர இருபது நிமிடம். நான்காவதுதான் ஏமாற்றும்: 'சான் அந்தோனியோ பே' என்று விளம்பரத்தில் வருவது வளைகுடாவின் எதிர்க்கரை, காலா தெ போவ். நிர்வாகத்தில் அது வேறு ஊராட்சி. அந்தக் கரையின் தூரத்து ஹோட்டலிலிருந்து ஊருக்கு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டிவரும். விலை குறைவு, பிள்ளைகளுக்கு வசதிகள் அதிகம், கடல் மட்டும் கலங்கலாகத் தெரியும். குளிக்க நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ஊரிலிருந்து கோடையில் ஓடும் படகில் காலா பாஸாவுக்கோ காலா கோம்தேவுக்கோ போக வேண்டும்.

சான் அந்தோனியோவில் ஒரு சட்ட விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 2020ல் இபிசாவையும் சேர்த்த பலேரிக் தீவுகளின் அரசு, கட்டுமீறிய குடிச் சுற்றுலாவுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது. 2024ல் அதை இறுக்கியது. குறிக்கப்பட்ட பகுதிகளில் தெருவில் நின்று குடித்தால் 500 முதல் 1,500 யூரோ வரை அபராதம். ராத்திரி 9.30 முதல் காலை 8 வரை கடைகளில் மது விற்பனை இல்லை. அந்தப் பகுதிகளில் உள்ள ஆல் இன்க்ளூசிவ் (சாப்பாடும் பானமும் வாடகையிலேயே சேர்ந்த) ஹோட்டல்களில் மதுவுக்கும் அளவு உண்டு: மதியச் சாப்பாட்டோடு மூன்று, ராத்திரிச் சாப்பாட்டோடு மூன்று, ஆக ஒரு நாளைக்கு ஆறு. 'அளவில்லாமல் குடிக்கலாம்' என்று நினைத்து அந்தப் பேக்கேஜுக்குக் கூடுதல் காசு கட்டியவர்கள் ரிசப்ஷனில் சண்டை போடுவது இதனால்தான்.

இபிசா நகரம். கிளப் மட்டுமில்லாமல் ஊரும் வேண்டும் என்பவர்களுக்கு இதுதான். கோட்டைக்குள் இருக்கும் பழைய நகரமான தால்ட் வீலா 1999 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. உள்ளே சில அழகான சின்ன ஹோட்டல்கள் உண்டு. படம் பார்த்து மயங்கும் முன் யோசியுங்கள்: கருங்கல் பாவிய ஏற்றம், படிகள், வாசல் வரை வண்டி வராத சந்துகள். 23 கிலோ பெட்டியும் முட்டி வலியும் உள்ளவர்களுக்கு ஆகாது. கோட்டைக்குக் கீழே துறைமுகத்தை ஒட்டிய லா மரினாவில் ராத்திரி வெகுநேரம் பேச்சுச் சத்தம் இருக்கும். தெற்கே ஃபிகெரெட்டாஸ், பழைய ஹோட்டல்கள், நியாயமான விலை, நகர மையத்துக்குக் கால் மணி நடை. பிளாயா தென் போஸா பக்கமும் நடந்து போகலாம். வாகனம் இல்லாமல் வருகிற இரண்டு பேருக்கு, பணத்துக்கு ஏற்ற மதிப்பு என்று பார்த்தால் தீவில் எங்கள் முதல் தேர்வு இதுதான். மறுபக்கம் தலமான்கா குடா: அமைதியான, ஆழமில்லாத கடல், நகரத்துக்கு இருபது இருபத்தைந்து நிமிட நடை. இடையில் மரினா போட்டாஃபோக், உல்லாசப் படகுக்காரர்கள் பேட்டை. 1973ல் திறந்த பாச்சா கிளப் இங்கிருந்து நடை தூரம். இந்தப் பகுதியில் காபி விலையே ஊருக்குள் கொடுப்பதைவிட அதிகம்.

சாந்தா எவுலாலியா. முழுப் பெயர் சாந்தா எவுலாலியா தெல் ரியோ. 'ரியோ' என்றால் நதி, ஆனால் அந்த நதியில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. தாத்தா பாட்டி, கைக்குழந்தை, தள்ளுவண்டி என்று மூன்று தலைமுறை சேர்ந்து வந்தால் வேறு ஊரைத் தேட வேண்டாம். சமதளமான நடைபாதை, ஊர்க் கடற்கரை, நல்ல உணவகங்கள், பேருந்து, படகு எல்லாம் கைக்கெட்டும் தூரம். ஐந்து கிலோமீட்டர் தள்ளி எஸ் கனா, இன்னும் மலிவு. அங்கே 1973 முதல் நடக்கும் புதன்கிழமை ஹிப்பிச் சந்தை பெயர் பெற்றது. புதன் அன்று மட்டும் அந்தச் சாலையில் விமானம் பிடிக்கப் போகாதீர்கள். தெற்கே காலா யோங்கா, இரண்டு பக்கமும் பைன் குன்று, நடுவே ஆழமில்லாத குடா. சிறுபிள்ளைகளுக்கு மிக நல்லது. ஆனால் அந்தக் குடாவை விட்டு வெளியே எதுவும் நடைதூரத்தில் இல்லை.

வடக்கே போர்ட்டினாச், காலா சான் விசென்ட். நீர் கண்ணாடி மாதிரி இருக்கும். விமான நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம். வாடகை கார் இல்லாமல் இங்கே ஒரு வாரம் என்பது, அந்த ஊரை விட்டு நகர மாட்டேன் என்று முடிவெடுத்தவர்களுக்கு மட்டும். தென்மேற்கே காலா வதேயா, காலா தரீதா ஆகியவற்றுக்கும் கார் தேவை. அங்கே மேட்டில் உள்ள ஹோட்டல்களிலிருந்து மணலுக்கு இறங்கும் படிகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நடுவில் சான் ரஃபாயெல். அம்னீசியா கிளப், 2025ல் புதுப் பெயரில் திறந்த பழைய பிரிவிலேஜ் கிளப்பின் கட்டடம் இரண்டும் இந்த ஊரை ஒட்டிய நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கின்றன. தங்குவதற்குரிய கடற்கரை இங்கே கிடையாது. இபிசா நகரம், சான் அந்தோனியோ இரண்டிலிருந்தும் கிளப் போகிறவர்களுக்காகக் கோடையில் ராத்திரி ஓடும் டிஸ்கோபஸ் என்ற பேருந்து இந்த வழியாகப் போகும். எனவே இவை இரண்டுக்கும் போவதுதான் நோக்கமென்றால் பிளாயா தென் போஸாவின் விலையைக் கட்ட வேண்டியதில்லை.

நான்காம் படி: வரைபடத்தில் பத்து நிமிடம்

ஊர் முடிவானதும் மூன்று நான்கு ஹோட்டல்களைக் குறித்துக்கொண்டு வரைபடத்தைத் திறங்கள். விளம்பரத்தில் 'கடற்கரைக்கு 300 மீட்டர்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் காக்கை பறக்கும் நேர்கோட்டுத் தூரம். நடைவழியைப் போட்டுப் பாருங்கள். 300 மீட்டர் என்றது 800 மீட்டராகி, நடுவில் ஒரு மேடும் வரும். வழிகாட்டும் செயலியில் நடை என்பதைத் தேர்ந்தால் ஏற்ற இறக்கத்தையும் காட்டும்.

அடுத்து ஹோட்டலை நடுவில் வைத்து 'பார்', 'நைட் கிளப்' என்று தேடுங்கள். 250 மீட்டருக்குள் எத்தனை புள்ளி விழுகிறது, அவை எத்தனை மணி வரை திறந்திருக்கின்றன என்று பாருங்கள். ஒரே ஒரு பார் காலை நாலு மணி வரை திறந்திருந்தாலும் அந்தப் பக்கத்து அறை வேண்டாம். அதன்பின் தெருக்காட்சியில் வாசலில் நின்று இருபுறமும் திரும்பிப் பாருங்கள். எதிரே ஹோட்டல் மொட்டை மாடியில் ஒலிபெருக்கி மேடை தெரிந்தால், அங்கே நீச்சல் குளப் பார்ட்டி நடக்கிறது என்று பொருள்.

செயற்கைக்கோள் படத்தில் திசையைக் கவனியுங்கள். கிழக்குக் கரையில் குன்றுக்கு அடியில் உள்ள குடாக்களில் மாலை ஐந்தரை, ஆறுக்கே நிழல் விழும். மாலை வெயிலில் பால்கனியில் உட்கார ஆசைப்படுபவர்களுக்கு மேற்குக் கரைதான். காலை வெயில் முகத்தில் அடிக்காமல் பத்து மணி வரை தூங்க வேண்டும் என்பவர்களுக்கும் அதுவே.

விருந்தினர் விமர்சனங்களைப் படிக்கும்போது சராசரி மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். நீங்கள் போகும் மாதத்தில் எழுதியவற்றை மட்டும் வடிகட்டுங்கள். மே மாதம் தங்கியவர் 'அமைதியான ஹோட்டல்' என்று எழுதியது ஆகஸ்டுக்குச் செல்லாது. பிறகு சத்தம் என்ற சொல்லைத் தேடுங்கள். ஸ்பானியர்கள் அதை 'ருயிதோ' என்பார்கள். ஸ்பெயின்காரரே சத்தம் என்று புகார் எழுதியிருந்தால் அது உண்மையிலேயே சத்தம்.

கடற்கரையில் பழுப்பு நாடா மாதிரிக் குவியல் கிடக்கிறது, அசுத்தம் என்று சிலர் எழுதியிருப்பார்கள். அது பொசிடோனியா என்ற கடற்புல்லின் காய்ந்த இலை. மணலை அரிப்பிலிருந்து காப்பது அதுதான், சீசன் தொடங்கும் வரை வேண்டுமென்றே அள்ளாமல் விடுவார்கள். நீர் கண்ணாடியாக இருப்பதற்கும் அந்தப் புல்வெளிதான் காரணம். அதற்காக மதிப்பெண்ணைக் குறைத்த விமர்சனத்தைத் தாண்டிப் போகலாம்.

ஐந்தாம் படி: ஹோட்டலா, அபார்ட்மென்டா?

தரத்தைக் காட்ட ஹோட்டலுக்கு நட்சத்திரம், அபார்ட்மென்ட்டுக்குச் சாவிச் சின்னம். மூன்று சாவி அபார்ட்மென்ட்டை மூன்று நட்சத்திர ஹோட்டலோடு தோராயமாக ஒப்பிடலாம். 'ஓஸ்தால்' என்பது பங்க் படுக்கை போட்ட ஹாஸ்டல் அல்ல. குடும்பம் நடத்தும் சின்ன விடுதி, தனி அறை தருவார்கள். hostal, hostel என்ற ஒரு எழுத்து வித்தியாசத்தைக் கவனிக்காமல் பலர் நல்ல இடத்தைத் தள்ளிவிடுகிறார்கள். கிராமத்துக்குள் இருக்கும் பண்ணை வீட்டு ஹோட்டல்களை 'அக்ரோதூரிஸ்மோ' என்பார்கள். அமைதி உறுதி, கார் கட்டாயம்.

'அடல்ட்ஸ் ஒன்லி' என்று போட்டிருந்தால் வயது வரம்பை விசாரியுங்கள், சில இடங்களில் 16, சில இடங்களில் 18.

தனியார் ஃபிளாட்டை வாடகைக்கு எடுக்க நினைப்பவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள ஃபிளாட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விட இபிசாவில் பொதுவாக அனுமதி இல்லை. தனி வீடு, வில்லா என்றால் சுற்றுலா உரிம எண் இருக்க வேண்டும், விளம்பரத்திலேயே ஈ.டி.வி. என்று தொடங்கும் எண் தெரிய வேண்டும். எண் இல்லாமல், விலை ஊர் விலையில் பாதியாக, பணத்தைத் தளத்துக்கு வெளியே வங்கியில் போடச் சொன்னால், அந்த வீடே இல்லாமல் இருக்கலாம். சாவி வாங்கப் போன இடத்தில் வேறு குடும்பம் குடியிருப்பதைப் பார்த்து, ஆகஸ்ட் நடுவில் பெட்டியோடு தெருவில் நிற்பதைவிட மோசமான நிலைமை இந்தத் தீவில் இல்லை.

ஆறாம் படி: அறையின் பெயரைப் பிரித்துப் படிப்பது

'கடல் காட்சி' வேறு, 'பக்கவாட்டுக் கடல் காட்சி' வேறு. இரண்டாவதில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் நீலம் தெரியும். கிளப் ஊர்களில் கடல் பார்க்கும் அறையைவிட உள்பக்கம் அல்லது பின்பக்கம் பார்க்கும் அறை மலிவாகவும் இருக்கும், தூக்கமும் வரும். நீச்சல் குளம் பார்க்கும் அறை, பகல் நேரப் பாட்டைச் சகிப்பவர்களுக்கு.

'டபுள் ரூம்' என்று போட்டால் இரண்டு ஒற்றைக் கட்டிலைச் சேர்த்துப் போட்டது கிடைப்பது இங்கே சாதாரணம். நடுவில் பள்ளம் இருக்கும். ஒரே மெத்தை வேண்டுமானால் முன்கூட்டியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள். 'நால்வர் அபார்ட்மென்ட்' என்றால் பெரும்பாலும் ஒரே ஒரு படுக்கையறை, கூடத்தில் விரிக்கும் சோபா. இரண்டு தம்பதிகள் சேர்ந்து போனால் 'இரண்டு படுக்கையறை' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏசி இருக்கிறது என்பது போதாது. பழைய ஹோட்டல்களில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரைதான் மத்திய ஏசியைப் போடுவார்கள், சில இடங்களில் குறிப்பிட்ட மணி நேரம் மட்டும். வசதிப் பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் இது இருக்கும். லாக்கர், குட்டி ஃப்ரிட்ஜ், குளத்துத் துண்டு இவற்றுக்குத் தனிக் கட்டணமோ முன்பணமோ உண்டா என்றும் அங்கேயே தெரியும்.

ஏழாம் படி: சாப்பாட்டுத் திட்டம்

கிளப்புக்குப் போகிறவர்களுக்குக் காலைச் சாப்பாடு சேர்ந்த பேக்கேஜ் வீண். பத்தரைக்கு மூடிவிடுவார்கள், நீங்கள் எழுவது ஒரு மணிக்கு. பிள்ளைகளோடு போர்ட்டினாச் போன்ற தள்ளியிருக்கும் ஊரில் தங்கினால் காலையும் ராத்திரியும் சேர்ந்த ஹாஃப் போர்டு நல்லது. இபிசா நகரத்திலும் சாந்தா எவுலாலியாவிலும் வெளியே சாப்பிடுவதே சுகம். அங்கே ராத்திரிச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல்தான் களைகட்டும்.

சைவம் சாப்பிடுபவர்களும் பன்றி இறைச்சி தொடாதவர்களும் இரண்டு மூன்று விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். காலை பஃபேயில் சுருள் சுருளாகச் சர்க்கரை தூவிக் கிடக்கும் என்சைமாதா, மரபுப்படி பன்றிக் கொழுப்பில் செய்வது. அந்தப் பெயரே கொழுப்பைக் குறிக்கும் 'சைம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆரஞ்சு நிறத்தில் ரொட்டியில் தடவும் சோப்ராசாதா பன்றி இறைச்சி. காய்கறி மட்டும் தெரிகிற அரிசிச் சாப்பாடும் பெரும்பாலும் மீன் சாற்றில் வெந்திருக்கும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். பயமில்லாமல் கேட்கக்கூடியவை: தக்காளி தேய்த்த ரொட்டி, குளிர்ந்த தக்காளி சூப்பான கஸ்பாச்சோ, சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாதா, வறுத்த பச்சைப் பத்ரோன் மிளகாய். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு ஆம்லெட்டான தோர்தியா எங்கும் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் பல இடங்களில் கரிக்கும். குடிக்கவும் டீ போடவும் பெரிய கேன் வாங்கிவிடுங்கள். சமையலறை உள்ள அபார்ட்மென்ட்டில் மின் அடுப்புதான் இருக்கும், குக்கர் இருக்காது.

எட்டாம் படி: முழுக் கணக்கு

தளத்தில் தெரியும் விலையோடு சுற்றுலா வரியைக் கூட்டுங்கள். 2016ல் வந்தது, பெரும்பாலும் விலையில் சேராமல் ஹோட்டலிலேயே வாங்குவார்கள். மே முதல் அக்டோபர் வரை ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு, ஐந்து நட்சத்திரம், நான்கு நட்சத்திர சுப்பீரியர் என்றால் 4 யூரோ. நான்கு நட்சத்திரம், மூன்று நட்சத்திர சுப்பீரியர் 3 யூரோ. அதற்குக் கீழ் ஹோட்டல்களும் வாடகை வீடுகளும் 2 யூரோ. இதற்கு மேல் 10 சதவீத மதிப்புக் கூட்டு வரி. 16 வயதுக்குக் கீழ் வரி இல்லை. ஒன்பதாவது ராத்திரியிலிருந்து பாதி.

உதாரணத்துக்கு, பெற்றோர் இருவர், 10, 14 வயதுப் பிள்ளைகள் இருவர், ஜூலையில் நான்கு நட்சத்திர ஹோட்டலில் 10 ராத்திரி. பிள்ளைகளுக்கு இல்லை. பெரியவர் ஒருவருக்கு முதல் 8 ராத்திரிக்கு 24 யூரோ, அடுத்த 2 ராத்திரிக்கு 3 யூரோ, ஆக 27. இருவருக்கு 54. பத்து சதவீதம் சேர்த்து 59.40 யூரோ.

பிறகு போக்குவரத்து. விமான நிலையத்திலிருந்து பிளாயா தென் போஸா 10 நிமிடம், இபிசா நகரம் 15, சான் அந்தோனியோவும் சாந்தா எவுலாலியாவும் அரை மணி, போர்ட்டினாச் 45. ஒரு வாரத்தில் எத்தனை முறை ராத்திரி இரண்டு மணிக்கு மேல் திரும்புவீர்கள் என்று எண்ணி, அத்தனை டாக்ஸிக் கட்டணத்தையும் மலிவு ஹோட்டலின் விலையோடு கூட்டிப் பாருங்கள். மூன்று முறைக்கு மேல் போனால் தள்ளியிருக்கும் ஹோட்டலின் லாபம் கரைந்துவிடும். ஆகஸ்டில் கிளப் முடியும் நேரத்தில் டாக்ஸி வரிசை நீளம். அப்போது பக்கத்தில் வந்து கூப்பிடும் உரிமமில்லா வண்டிகளில் ஏறாதீர்கள், மீட்டரும் இல்லை, விபத்தானால் காப்பீடும் இல்லை.

கிளப் நுழைவு 40, 50 யூரோவில் தொடங்கி, பெரிய பெயர்களின் ராத்திரிகளில் 100 யூரோவைத் தொடும். உள்ளே ஒரு பாட்டில் தண்ணீருக்கே பத்து யூரோவை ஒட்டிக் கேட்பார்கள். அறை வாடகையில் மிச்சம் பிடிப்பதைவிட, போகும் ராத்திரிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைப்பதில்தான் உண்மையான சேமிப்பு இருக்கிறது.

கார் எடுப்பதென்றால் அறையோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள். 2025 முதல் ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை தீவுக்குள் வரும் வண்டிகளுக்கும் வாடகை கார்களுக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், கடைசி நேரத்தில் கிடைப்பது கடினம். பெரும்பாலான கார்கள் கையால் கியர் மாற்றுபவை. ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். இபிசா நகரத்தில் தங்கினால் கார் தேவையே இல்லை, நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். ஒரு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எடுத்தால் போதும். ஃபோர்மென்தேரா தீவுக்குப் படகில் அரை மணிதான், அதற்கும் கார் வேண்டாம்.

ஒன்பதாம் படி: பதிவு

இந்தியப் பாஸ்போர்ட்டில் வருபவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. எல்லா ராத்திரிக்கும் தங்குமிடச் சான்று கேட்பார்கள் என்பதால், விசா கையில் வரும் வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையையே பிடியுங்கள். ரத்து செய்யும் கடைசி நாள் எது என்று பாருங்கள். விசா வரவேண்டிய தேதிக்குப் பின்னால் அது இருக்க வேண்டும். விசா வந்ததும், அதே ஹோட்டலின் சொந்தத் தளத்தில் திருப்பித் தராத விலை எவ்வளவு குறைவு என்று பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பாரிஸ், சூரிச் பக்கம் வசிக்கும் நம்மவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. லண்டனில் வசித்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டும். கோடையில் நேரடி விமானங்கள் நிறைய. இந்தியாவிலிருந்து வருபவர்கள் பார்சிலோனாவிலோ மாட்ரிட்டிலோ மாற வேண்டியிருக்கும். பார்சிலோனாவிலிருந்து ஒரு மணி நேரப் பறப்பு.

பதிவானதும் ஹோட்டலுக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: வந்து சேரும் மணி, மேல் மாடி வேண்டும், தெருவுக்கும் லிஃப்டுக்கும் தள்ளிய அறை வேண்டும், படுக்கை வகை. வாக்குறுதி தர மாட்டார்கள். ஆனால் அறை ஒதுக்குபவர் கையில் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு இருக்கும்.

போய் இறங்கியதும்

பெட்டியைப் பிரிக்கும் முன் ஜன்னலைத் திறந்து கீழே பாருங்கள். குப்பைத் தொட்டி வரிசையோ, சமையலறைப் புகைபோக்கியோ, பாரின் பின்கதவோ தெரிகிறதா? பால்கனிக் கதவை இழுத்துச் சாத்திப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடியானால் தெருச் சத்தம் சட்டென்று அமுங்கும், அமுங்காவிட்டால் ராத்திரியும் அமுங்காது. ஏசியைப் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். ஏதாவது சரியில்லையென்றால் துணியை எடுத்து வைக்காமல் உடனே கீழே போய்ச் சொல்லுங்கள். மாற்று அறை இல்லை என்பார்கள். அப்படியானால், மறுநாள் காலி செய்பவர்களின் அறையைத் தர முடியுமா என்று கேளுங்கள். சனி, ஞாயிறுகளில் நிறையப் பேர் கிளம்புவார்கள். நண்பகலுக்கு முன் மறுபடியும் ரிசப்ஷனில் போய் நின்றால், புதிதாக வருபவர்களுக்கு ஒதுக்கும் முன் உங்களுக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம்.